மாடிப்படிக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டை

உட்காருங்கள் அம்மா, இந்த இடம் காலிதான். குடையை எடுத்துக்கொள்கிறேன். முருங்கைக்காய் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, பஸ் திரும்பும்போது ஒடிந்துவிடும். இப்படிச் சாய்த்து வையுங்கள். நீங்கள் போனில், "ரெண்டு கட்டு போதும், வாங்கி வச்சா காஞ்சுதான் போகும்" என்று சொன்னதைக் கேட்டுத்தான் நம் ஆள் என்று தெரிந்துகொண்டேன். இல்லாவிட்டால் பேசியிருக்கமாட்டேன். இந்த ஊரில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் பேசக்கூடாது என்று என் மகள் சொல்லியிருக்கிறாள்.

நான் சர்ச் ஸ்டாப்பில் இறங்கவேண்டும். நீங்கள் அதற்கும் அப்பாலா? நல்லதாகப் போயிற்று. ஸ்டாப் வந்ததும் சொல்லுங்கள். எனக்கு இடம் தெரியும். தெரிந்தாலும் சொல்லுங்கள்.

என் பெயர் ஆவுடையப்பன். சங்கரன்கோயில். மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவன். காகிதத்தில் என் பதவிக்குக் கணக்கீட்டாளர் என்று பெயர். தெருவில் 'கரண்டு ரீடிங் சார்'. எத்தனை நாய், எத்தனை கேட், எத்தனை இருட்டு மூலை. மீட்டரை எங்கே வைத்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். என் ரீடிங் தப்பு என்று அத்தனை வருஷத்தில் வந்த புகார் ஏழு. அதில் ஐந்து, புகார் சொன்னவர் தப்பு. மீதி இரண்டை நானே ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொள்வதற்கு ஒரு முறை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்காகத்தான் இன்று பஸ் ஏறியிருக்கிறேன்.

நம் ஊர் வீடுகளில் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை தொங்குமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை நாங்கள் போய், தேதி, ரீடிங், எத்தனை யூனிட் என்று அதில் எழுதிச் சின்னக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவோம். சில வீட்டில் அது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். சில வீட்டில் அதன் முதுகில் பால் கணக்கு எழுதியிருப்பார்கள். அந்த மாதிரி ஓர் அட்டை இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. பொறுங்கள், காட்டுகிறேன். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. மகள் கோமதி இங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மருமகனுக்கு அயர்லாந்தில் வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார். "ஆறு மாசம் வந்து இருங்கப்பா" என்றாள். செப்டம்பர் கடைசியில் வந்தேன். வருகிற வெள்ளிக்கிழமை திரும்புகிறேன். இன்னும் நாலு நாள்.

வீட்டில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு விட்டிருந்தாள். அதில் இருந்தவர் தவமணி. யாழ்ப்பாணத்துக்காரர், பருத்தித்துறைப் பக்கம். ஐம்பது வயது இருக்கும். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. சாயங்காலம் ஏழரைக்குக் கிளம்பினால் மறுநாள் காலை எட்டரைக்கு வருவார். வந்ததும் குளித்துவிட்டுப் படுத்துவிடுவார். மூன்று மணிக்கு எழுந்திருப்பார். நான் வருவதற்கு முன்பே ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் இருந்தவர். இந்த ஒன்றரை வருஷத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

வந்த முதல் நாளே கோமதி சொன்னாள்: "அப்பா, வீட்டுல எந்தச் சுவிட்சையும் தொடாதீங்க. எல்லாம் செட் பண்ணி வச்சிருக்கு."

சுவிட்சைத் தொடாதே என்று என்னிடம் சொன்னால் எப்படி? எங்கள் வீட்டில் விளக்கு வீணாக எரிந்தால் என் கை தூக்கத்தில்கூட எழுந்து போகும். சரி என்று தலையை ஆட்டினேன். அன்றைக்குப் படுக்கப் போகும்போது பார்க்கிறேன், மாடியில் ஓர் அலமாரிக்குள் ஆள் உயரத்துக்கு வெந்நீர்த் தொட்டி. சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிகிறது. எல்லாரும் தூங்கப்போகிற நேரத்தில் யாருக்கு வெந்நீர்? அணைத்தேன். கூடத்தில் சுவரோரமாகக் கனமான பெட்டி ஒன்று. குளிருக்கு வைத்த ஹீட்டராம். தொட்டுப் பார்த்தால் சூடே இல்லை. சூடு தராத ஹீட்டருக்குக் கரண்டு எதற்கு? அதையும் அணைத்தேன். அறைக்கு ஒன்று வீதம் அதேபோல் மூன்று. எல்லாவற்றையும் அணைத்தேன். காலை எட்டு மணிக்கு, கோமதி வேலைக்குப் போன பிறகு, எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். ஒரு நாள் தவறாமல் செய்தேன் அம்மா. அவளிடம் சொல்லவில்லை. சொல்லாமல் செய்கிற உபகாரம்தான் உபகாரம் என்று இருந்துவிட்டேன்.

நவம்பரில் பில் வந்தது. கோமதி சாப்பாட்டு மேஜையில் போனை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"கரண்டு பில்லுப்பா. போன மாசத்துக்கு ரெண்டு மடங்கு."

"குளிர்காலம் வருதுல்ல?"

"போன குளிர்காலத்துலகூட இவ்வளவு வரலை." பிறகு சிரித்தாள். "நல்லவேளை, வீட்டுக்குள்ளயே ஈ.பி. ஆளு இருக்காரு. உங்க சப்ஜெக்ட்தான், பாத்துச் சொல்லுங்க."

என் சப்ஜெக்ட். ஆறு வருஷம் ஆகிறது நான் ஓய்வு பெற்று. அந்த ஆறு வருஷத்தில் யாரும் என்னிடம் எதையும் பார்த்துச் சொல்லச் சொன்னதில்லை. அந்தச் சந்தோஷத்தில் பில்லின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். மொத்தத் தொகை அதில்தான் இருந்தது. இரண்டாம் பக்கத்தில் ஏதேதோ வரிகள், கட்டங்கள். விளம்பரம் என்று விட்டுவிட்டேன்.

மீட்டர் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறையில் இருக்கிறது. குனிந்துதான் போகவேண்டும், எனக்கு முழங்கால் வலி. மீட்டரில் ஒரு பட்டன். அழுத்தினால் சின்னத் திரையில் எண் வரும். அழுத்தினேன், வந்தது, எழுதிக்கொண்டேன். கோமதி எனக்கு வாங்கித் தந்த புதுச் சட்டைக்குள் விறைப்புக்கு ஓர் அட்டை வைத்திருந்தார்கள், நல்ல வெள்ளை அட்டை. அதில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். தேதி, காலை ரீடிங், இரவு ரீடிங், யூனிட். நூல் கோத்து மீட்டர் பக்கத்திலேயே தொங்கவிட்டேன். கோமதி பார்த்துவிட்டு, "ஊரையே கொண்டாந்துட்டீங்க" என்றாள்.

பத்து நாளில் கணக்கு தெளிவாகிவிட்டது. இரவு முழுக்க ஒரு யூனிட், மிஞ்சினால் இரண்டு. பகலில் முப்பதுக்குக் குறைவில்லை. அப்படியென்றால் திருட்டு பகலில் நடக்கிறது. பகலில் வீட்டில் யார்? கோமதி வேலைக்குப் போய்விடுகிறாள். மிச்சம் இரண்டு பேர். நானும் தவமணியும்.

நான் என்ன செலவழிக்கப் போகிறேன்? காலையில் ஒரு காப்பி. முழங்காலுக்காக என் அறையில் ஒரு ஹீட்டர், டாக்டர் சூடு வேண்டும் என்று சொன்னதால். சின்னது, சக்கரம் வைத்தது. பகலில் வீடு என்னவோ சில்லென்று இருந்தது, அதனால் அது கொஞ்ச நேரம் கூடுதலாக ஓடும். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாயிரம் வாட் என்று அதன் அடியில் எழுதியிருக்கிறது. போன மாதம்தான் கவிழ்த்துப் பார்த்தேன்.

ஆகவே தவமணிதான் என்று ஆயிற்று. குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் என் அறைக்குக் கேட்கும். கடிகாரம் பார்த்தேன். பதினெட்டு நிமிஷம். மறுநாள் இருபது. நம் ஊரில் கல்யாண வீட்டில்கூட யாரும் இருபது நிமிஷம் குளித்ததில்லை. அட்டையில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டேன். தலைப்பு, 'த. குளியல், நிமிடம்'.

ஆமாம் அம்மா. தமிழில்தான் எழுதினேன். ஆமாம், அவருக்கும் தமிழ் படிக்கத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். படித்துத் திருந்தட்டும் என்று நினைத்தேன்.

ஒரு பெண்பிள்ளை குளிக்கிற நேரத்தைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஒருவன் எழுதியிருக்கிறான். அப்போது எனக்கு அது அப்படித் தெரியவில்லை. ரீடிங் எடுக்கிற மாதிரித்தான் இருந்தது.

கோமதியிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "அக்கா ஒன்றரை வருஷமா இருக்காங்களேப்பா. அப்பல்லாம் இப்படி வரலையே."

நான் சொன்ன பதிலைக் கேளுங்கள். "புதுசுல பயந்து பயந்து இருப்பாங்க. பழகிட்டா கை தாராளமாயிரும்." அந்த வீட்டுக்குப் புதிதாக வந்தது யார் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

டிசம்பர் கடைசியில் ஒரு நாள் சமையலறையில் அவரை நேராகவே கேட்டுவிட்டேன். அவர் வேலை முடிந்து வந்து கோட்டுகூடக் கழற்றாமல் பிட்டுக்கு மாவு குழைத்துக்கொண்டிருந்தார். "குளிக்கிறதுக்கு இவ்வளவு நேரம் எதுக்கும்மா?" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "ஐயா, நான் ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக் கூடாது. முந்தி நான் காலமை வரேக்க தொட்டியில நல்ல சுடுதண்ணி இருக்கும். அது இரவிலதான் சூடாகிறது. இப்ப பச்சைத்தண்ணிதான் வருது. சூடு வருமட்டும் திறந்துவிட்டுட்டு நிண்டுகொண்டிருக்கிறன். அதுதான் நேரம் போகுது."

"அம்மா, நான் முப்பத்திரண்டு வருஷம் மீட்டர் பார்த்தவன்."

"ஓம் ஐயா, பிள்ளை சொன்னவ." கொஞ்சம் சிரித்தார். "அது உங்கட ஊர் மீட்டர்."

குறும்பாகத்தான் சொன்னார். இப்போது யோசித்தால் அதில் ஒரு குத்தலும் இல்லை. அன்றைக்கு எனக்குச் சுரீர் என்றது. அவர் சொன்ன வாக்கியத்துக்குள்ளேயே விடை இருந்தது. இரவில்தான் சூடாகும் என்று சொன்னாரா இல்லையா? அந்தச் சொல் காதில் விழவில்லை. 'உங்கட ஊர்' மட்டும் விழுந்தது. அவரும் இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் கோமதியிடம், "வாடகைக்கு இருக்கிறவங்க எனக்குப் பாடம் எடுக்கிறாங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். இரண்டு நாள் கழித்து அவர் அறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கறுப்பாக, இடுப்பு உயரத்தில் ஏதோ ஒன்று, மேலே துணி போட்டு மூடியிருந்தது. ஹீட்டர் மாதிரி இருந்தது. கோமதியிடம், "ரூமுக்குள்ள தனியா ஹீட்டர் வச்சிருக்காங்க, துணி போட்டு மறைச்சு" என்று சொன்னேன். 'மாதிரி' என்ற சொல்லை விட்டுவிட்டேன்.

அது ஒரு சூட்கேஸ் அம்மா. அவர் போகிற அன்றைக்கு நான்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அது என் பக்கமாகத்தான் உருண்டு போனது. ஊரில் இருக்கிற மகளுக்கு வாங்கிச் சேர்த்த துணிகள் அதில் இருந்ததாம். அந்தப் பெண் படிப்பு முடித்துவிட்டு இங்கே அம்மாவிடம் வரப்போகிறது. அதற்காகத்தான் தவமணி இரவு வேலையும் பார்த்து, தனியாக இரண்டு அறை வீடு ஒன்றும் தேடிக்கொண்டிருந்தார்.

கோமதி அவரிடம் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அவள் மரியாதையாகத்தான் பேசியிருப்பாள். மறுநாள் படிக்குக் கீழே போய்ப் பார்க்கிறேன், ஐந்தாவது கட்டத்தில் நான் எழுதுவதற்கு முன்பே யாரோ எழுதியிருக்கிறார்கள். நீல மையில், சின்னச் சின்ன வட்ட எழுத்து. '6 நிமிடம்.' அவரே எழுதிவைத்திருந்தார். அடுத்த நாள் 4. அடுத்த நாள் 3. அப்புறம் 'குளிக்கவில்லை' என்று எழுதினார். மறுநாளும் 'குளிக்கவில்லை'. பனி விழுகிற ஜனவரி மாதம். ராத்திரி முழுக்க வயசாளிகளைத் தூக்கி, துடைத்து, படுக்கை மாற்றிவிட்டு வருகிற பெண்.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா? சொல்லிவிடுகிறேன். 'பரவாயில்லை, முறையான மனுஷி, ஒழுங்குக்கு வந்துவிட்டார்' என்று தோன்றியது. அந்த எழுத்துக்குப் பக்கத்தில் சரிபார்த்த அடையாளமாக ஒரு டிக் போட்டேன்.

ஜனவரி பாதியில் அவர் போய்விட்டார். கூட வேலை பார்க்கிற ஒருத்தியின் அறையில் இடம் கிடைத்ததாம். "குறை நினைக்காதேங்கோ பிள்ளை" என்று கோமதியிடம் சொன்னார். என்னிடம், "உடம்பைப் பாருங்கோ ஐயா, முழங்காலுக்கு இந்தக் குளிர் கூடாது" என்றார். தபால் வந்தால் அனுப்புவதற்கு ஒரு துண்டுச் சீட்டில் விலாசம் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். சர்ச்சுக்கு எதிர்த்த சந்து, பச்சைக் கதவு.

அவர் போன மறுநாள் காலையில் ரீடிங் எடுத்தேன், இரவில் எடுத்தேன். பகலில் முப்பத்தொன்று. அதற்கு அடுத்த நாளும் முப்பது. பத்து நாள் பார்த்தேன். ஆள் இல்லை, குளியல் இல்லை, யூனிட் மட்டும் அப்படியே ஓடுகிறது. அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? மீட்டர் கோளாறு என்று போனது. கோமதியிடம் சொல்லிக் கரண்டுக் கம்பெனிக்குப் புகார் கொடுக்கச் செய்தேன்.

பிப்ரவரியில் மீட்டர் பார்க்க ஒரு பெண் வந்தாள். கோமதி வேலைக்குப் போயிருந்தாள், நான் மட்டும்தான். நல்ல பெண், பூட்சைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். படிக்குக் கீழே குனிந்து பட்டனை அழுத்தினாள். எண் வந்தது. குறித்துக்கொண்டாள். நான் வெளியே நகரப் போனேன், வேலை முடிந்தது என்று. அவள் இன்னொரு முறை அழுத்தினாள்.

வேறோர் எண் வந்தது.

அந்த மீட்டரில் இரண்டு கணக்கு அம்மா. ஒரு முறை அழுத்தினால் பகல் கணக்கு. இன்னொரு முறை அழுத்தினால் இரவுக் கணக்கு. நான் மூன்று மாதமும் ஒரே ஒரு முறைதான் அழுத்தியிருக்கிறேன்.

அவள் பில்லின் இரண்டாம் பக்கத்தை எடுத்துக் காட்டினாள். இந்த வீட்டுக்கு இரவு பன்னிரண்டரையிலிருந்து காலை ஏழரை வரைக்கும் கரண்டு மலிவு. பகலில் அதைப்போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. அதனால்தான் தொட்டி இரவில் சூடாகும்படி வைத்திருக்கிறது. சுவரோரப் பெட்டிக்குள்ளே செங்கல் அடுக்கியிருக்கிறதாம். நம் ஊர் மொட்டைமாடி பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி நம்மைத் தூங்கவிடாமல் சூட்டைக் கக்குமே, அதேதான், தலைகீழாக. இரவில் மலிவான கரண்டில் செங்கல் சூடேறும், பகலில் மெதுவாகச் சூட்டை விடும். நான் படுக்கப்போகும்போது தொட்டுப் பார்த்துச் சூடு இல்லை என்று அணைத்தேனே, அது சூடேறுவதற்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான். நான் மலிவான நேரத்தில் எல்லாவற்றையும் அணைத்து, விலை அதிகமான நேரத்தில் எல்லாவற்றையும் போட்டிருக்கிறேன். தினமும், ஒரு நாள் தவறாமல். செங்கல் இரவில் சூடேறாததால் பகலில் வீடு குளிர்ந்தது. வீடு குளிர்ந்ததால் என் ஹீட்டர் ஓடியது. தொட்டி ஆறிப்போனதால் அந்த அம்மாள் பச்சைத்தண்ணீரில் நின்றார். அவர் நின்ற நேரத்தை நான் எழுதினேன்.

மில்லுகளுக்கு நேரத்துக்கு ஒரு விலை என்று நம் ஊரிலும் உண்டு. அது எனக்குத் தெரியும். தெரியாதவனாக இருந்திருந்தால் இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

"இரவில் யார் அணைப்பது?" என்று அந்தப் பெண் கேட்டாள். எனக்கு அந்த அளவு ஆங்கிலம் வரும். என் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் கேட்கவில்லை. போகும்போது படிக்குக் கீழே தொங்கிய அட்டையைப் பார்த்து, அழகான எழுத்து என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் கோமதி வந்து, "என்னப்பா சொன்னாங்க?" என்று கேட்டாள். "மீட்டர்ல கோளாறு ஒண்ணும் இல்லையாம்" என்றேன். அது பொய் இல்லை. அன்றையிலிருந்து சுவிட்சுகளைத் தொடுவதை நிறுத்திவிட்டேன்.

மார்ச்சில் பில் பழையபடி குறைந்து வந்தது. கோமதி போனைக் காட்டினாள். "பாத்தீங்களா, அக்கா இல்லாத முழு மாசம் இதுதான். நீங்க சொன்னது சரியாத்தான் போச்சு."

நான் ரசத்துக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

இதுவரைக்கும் சொன்னதைக்கூட அறியாமை என்று தள்ளிவிடலாம். இனிமேல் சொல்லப்போவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. பதினொரு நாளைக்கு முன்னால் கோமதிக்கு ஒரு போன் வந்தது. இரண்டு அறை வீடு வாடகைக்கு விடுகிற ஒருவர். தவமணி அந்த வீட்டைக் கேட்டிருக்கிறார். முன்பு இருந்த வீட்டுக்காரர் என்று கோமதியின் நம்பரைக் கொடுத்திருக்கிறார். ஆள் எப்படி என்று விசாரிக்கிறார்கள், இங்கே அது வழக்கம். கோமதி பொய் சொல்லமாட்டாள், நான் அப்படித்தான் வளர்த்தேன். நல்லவர், சுத்தமானவர், வாடகை தவறியதில்லை என்றாள். மின்சாரம் எப்படி என்று அவர் கேட்டிருக்கவேண்டும். கொஞ்சம் தயங்கினாள். என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள், அறையில் சொல்லாமல் ஒரு ஹீட்டர் வைத்திருந்தார் என்று.

நான் எதிர் நாற்காலியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன் அம்மா. கைக்கு எட்டுகிற தூரம். 'இல்லம்மா, அது சூட்கேஸ்' என்று மூன்றே சொல். பீன்ஸை ரொம்பப் பொடியாக நறுக்கினேன்.

இரண்டு நாள் கழித்துத் தவமணியிடமிருந்து கோமதிக்குச் செய்தி வந்தது. 'அந்த வீடு சரிவரேல்ல பிள்ளை. பரவாயில்லை, வேற பாப்பம். ஐயா சுகமா இருக்கிறாரோ?'

கோமதி அதை எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

இதுதான் அந்த அட்டை. பாருங்கள். ஒத்துக்கொள்வதற்கு ஒரு முறை உண்டு என்றேனே. எங்கள் வேலையில் தப்பாக ரீடிங் எழுதிவிட்டால் அதை அழிக்கக்கூடாது, கிறுக்கக்கூடாது, அதன் மேலேயே திருத்தி எழுதக்கூடாது. ஒரே கோட்டால் அடிக்கவேண்டும், அடித்தது என்னவென்று மற்றவர் படிக்கும்படியாக. பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போடவேண்டும். தப்பு நடந்தது, நடத்தியவன் நான், இரண்டும் தெரியவேண்டும். அதற்குத்தான். முப்பத்திரண்டு வருஷத்தில் இரண்டு தடவை செய்ததை முந்தாநாள் உட்கார்ந்து வரிசையாகச் செய்தேன். ஐந்தாவது கட்டத்தில் என் எழுத்தில் இருக்கிற அத்தனையையும் அடித்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் 'ஆ' போட்டேன். நான் போட்ட டிக்குகளையும் அடித்தேன்.

இந்த நீல மை வரிகளை அடிக்கவில்லை. 6, 4, 3, குளிக்கவில்லை, குளிக்கவில்லை. அவர் எழுதியதில் தப்பு ஒன்றும் இல்லை. சரியான ரீடிங்கை அடிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. அது அப்படியேதான் இருக்கும்.

இதை அவர் கையில் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டு அங்கே நின்றபடியே கோமதிக்குப் போன் போடவேண்டும், அவர் முன்னாலேயே. சூட்கேஸைப் பற்றிச் சொல்லி, அந்த வீட்டுக்காரருக்கு இன்றைக்கே திரும்பப் பேசச் சொல்லவேண்டும். தனியாக வீட்டில் வைத்துக் கோமதியிடம் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். 'மாதிரி'யை விழுங்கியவன்தானே.

என்ன? ஆமாம், முந்தாநாளே எழுதி முடித்துவிட்டேன். நேற்று ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்கள். போனேன் அம்மா. இதே பஸ்தான். நாள் முழுக்கச் செல்லுகிற டிக்கெட் எடுத்தேன். சர்ச் வந்தது, பச்சைக் கதவும் தெரிந்தது. இறங்குவதற்கு இந்தக் கம்பியில் இருக்கிற சிவப்புப் பட்டனை அழுத்தவேண்டும், அழுத்தாவிட்டால் நிற்காது. கை எழவில்லை. எந்தச் சுவிட்சைக் கண்டாலும் தானாகப் போகிற கை. கடைசி ஸ்டாப் வரைக்கும் போய், அதே பஸ்ஸில் திரும்பினேன். திரும்பும்போதும் அழுத்தவில்லை. மத்தியானம் இன்னொரு தடவை வந்தேன். கோமதியிடம் பூங்காவுக்குப் போயிருந்தேன் என்றேன்.

இன்றைக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால் அவரிடம் முழுக்கச் சொல்லிவிடுவது என்று வைத்துக்கொண்டேன். ஒருவரிடம் சொல்லிவிட்டால் அப்புறம் இறங்காமல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது இல்லையா? உங்களைப் பிடித்துக்கொண்டேன். முருங்கைக்காயும் கையுமாக வந்தவரை. மன்னிக்கவேண்டும்.

தெரிகிறது, தெரிகிறது. அதோ கூரான கூரை, அதுதான் சர்ச். மணி நாலு, அவர் இந்நேரம் எழுந்திருப்பார். வேலைக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது. பச்சைக் கதவுக்குப் பக்கத்து ஜன்னலில் விளக்கு எரிகிறது பாருங்கள்.

இல்லை அம்மா, நீங்கள் அழுத்தவேண்டாம். கையை எடுங்கள். நான் அழுத்துகிறேன். குடை, அட்டை, எல்லாம் இருக்கிறது.

அழுத்திவிட்டேன். மணி அடித்ததா? எனக்குக் கேட்கவில்லை. டிரைவர் வேகத்தைக் குறைத்த மாதிரியும் இல்லை.

ஒரு முறை அழுத்திவிட்டு நகர்ந்துவிடுவதுதான் என் வழக்கம். இருங்கள், இன்னொரு முறை அழுத்துகிறேன்.